ஆன்மா இல்லை என்றால் மறுபிறப்பு யாருக்கு?

2025 ஜூலை 2 அன்று, தன் 90ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால், தலாய் லாமா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தனக்குப் பிறகும் தலாய் லாமா மரபு தொடரும், அடுத்த பிறவியை அடையாளம் காணும் உரிமை தான் நிறுவிய காடென் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு, வேறு யாரும் இதில் தலையிட முடியாது என்றார். சீன அரசு உடனே மறுத்தது. தங்கக் கலசத்திலிருந்து சீட்டு எடுத்து, மத்திய அரசின் ஒப்புதலோடுதான் மறுபிறவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

செய்தியைப் படிக்கிறவருக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. பௌத்தம் கடவுளை ஏற்கவில்லை, ஆன்மாவையும் ஏற்கவில்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆன்மாவே இல்லையென்றால் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போவது எது? போவதற்கு ஒன்றும் இல்லாதபோது, ஒரு குழந்தையைக் காட்டி 'இவர்தான் அவர்' என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இது நாத்திகர்கள் வெளியிலிருந்து கேட்கும் கேள்வி மட்டும் இல்லை. புத்தரின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பிக்குவுக்கே இது வந்தது. அதனால் கொஞ்சம் பொறுமையாக அடியிலிருந்து பார்ப்போம்.

நான்கு சொற்கள்

கர்மம் என்றதும் நமக்குத் தலையெழுத்துதான் நினைவுக்கு வருகிறது. 'போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ' என்று சொல்லும்போது நாம் விதியையும் ஊழையும் கர்மத்தையும் ஒரே பானையில் போட்டுக் கலந்துவிடுகிறோம். பௌத்த நூல்களில் இவை தனித்தனி.

1. கர்மம், அதாவது வினை: எண்ணிச் செய்கிற செயல். மனத்தின் நோக்கத்தையே, பாலி மொழியில் 'சேதனா' என்பதையே, தான் கர்மம் என்று சொல்வதாக, புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் கூறுகிறார். சமணத்தில் வினை உயிரின்மேல் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய பொருள். பௌத்தத்தில் அது மனத்தின் நோக்கம். தெரியாமல் எறும்பை மிதித்தது இங்கே கொலைவினை ஆகாது.

2. விபாகம்: அந்தச் செயல் பழுத்துத் தரும் விளைவு. 'எல்லாம் என் கர்மம்' என்று நாம் நொந்துகொள்ளும்போது உண்மையில் இதைத்தான் சொல்கிறோம்.

3. அனாத்மம்: மாறாத 'நான்' என்று உள்ளே எதுவும் இல்லை. மனிதர் என்பது ஐந்து தொகுதிகளின் சேர்க்கை. மணிமேகலை இவற்றை ஐங்கந்தம் என்கிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. ஐந்துமே நொடிக்கு நொடி மாறுகின்றன.

4. மறுபிறப்பு: பாலியில் 'புனப்பவ', மீண்டும் ஆதல். பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல ஆன்மா உடலை மாற்றுகிறது என்பது கீதையின் உவமை. பௌத்தத்தில் உடுத்துகிறவரே கிடையாது.

மூன்றாவதும் நான்காவதும் பக்கத்தில் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

விளக்குச் சுடரும் மாங்காய்த் திருடனும்

அதே வகைத் தொகுப்பான மச்சிம நிகாயத்தில் சாதி என்று பெயர்கொண்ட ஒரு பிக்கு வருகிறார், மீனவர் மகன். பிறவிதோறும் அலைவது இதே விஞ்ஞானம்தான், அதாவது உணர்வுதான், அது மாறுவதில்லை என்று அவர் சொல்லித் திரிந்தார். புத்தர் அவரைக் கூப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தார். உணர்வு எப்போதும் காரணங்களைச் சார்ந்தே எழுகிறது, விறகால் எரியும் தீ விறகுத் தீ, புல்லால் எரியும் தீ புல் தீ என்பது அவர் விளக்கம்.

சரி, அதே உணர்வு போகவில்லை என்றால் வேறு எது தொடர்கிறது? இதற்குப் பிற்காலத்தில் வந்த பேர்பெற்ற பதில் மிலிந்த பன்ஹா என்ற பாலி நூலில் இருக்கிறது. கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தனுக்கு நாகசேனர் சொல்கிறார்: இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றில்லை. அதற்காக முழுக்க வேறும் இல்லை, ஒன்றைப் பற்றிக்கொண்டு இன்னொன்று எரிந்தது. பிறவியும் அப்படித்தான், அவரும் இல்லை, வேறொருவரும் இல்லை. இன்னோர் உவமையில் ஒருவன் மாங்காய் திருடிவிட்டு, நீங்கள் நட்ட மாங்கொட்டை வேறு, நான் எடுத்த காய் வேறு என்று வாதாடுகிறான். நட்டதிலிருந்து வந்ததுதான் காய், ஆகவே நீ குற்றவாளி என்று அரசன் தீர்ப்பளிப்பான்.

இந்த உவமைகள் தொடர்ச்சியை நன்றாகவே விளக்குகின்றன. பத்து வயதில் இருந்த நானும் இன்று இருக்கும் நானும்கூட அப்படித்தான், ஒரே அணுக்கள் இல்லை, ஒரே எண்ணங்கள் இல்லை, ஆனாலும் ஒரு சங்கிலி இருக்கிறது. ஆனால் கர்மக் கொள்கை தொடர்ச்சியோடு நிற்பதில்லை. செய்ததற்கு ஏற்றது கிடைக்கும் என்கிற அறக் கணக்கையும் அது தருகிறது. ஓர் அறக் கணக்கு நியாயமாக இருக்க வேண்டுமானால், செய்தவரே அனுபவிக்க வேண்டும், எதற்காக என்று அவருக்குத் தெரிய வேண்டும், திருந்த வழி இருக்க வேண்டும். முன்பிறவி நினைவே இல்லாத ஒரு கைக்குழந்தைக்கு இந்த மூன்றில் முதலாவது அரைகுறையாகத்தான் பொருந்துகிறது, இரண்டாவது பொருந்தவே இல்லை.

இதற்குப் பக்தர்கள் சொல்லும் பதில்: கர்மம் தண்டனை இல்லை, தண்டிக்கிறவர் யாரும் இல்லை, அது இயற்கை விதி, நெருப்பு தெரிந்து தொட்டாலும் தெரியாமல் தொட்டாலும் சுடும். ஏற்கக்கூடிய பதில்தான். ஆனால் அதை ஏற்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நெருப்பு சுடுவதை யாரும் நீதி என்று சொல்வதில்லை, சுட்டுக்கொண்ட குழந்தையைப் பார்த்து 'உனக்கு வேண்டியதுதான்' என்றும் சொல்வதில்லை. கர்மத்தை இயற்கை விதி என்று காப்பாற்றிவிட்டு, அடுத்த மூச்சில் 'உலகத்தில் யாருக்கும் அநியாயம் நடப்பதில்லை' என்று ஆறுதல் சொல்வது இரண்டு வெவ்வேறு கொள்கைகளை ஒன்றாகக் காட்டுவது. கர்மம் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன, புத்தரின் முன்னால் உட்கார்ந்திருந்த பிக்குவின் கேள்விக்கு வருவோம். ஒரு பௌர்ணமி இரவு, ஐந்து தொகுதிகளும் 'நான்' அல்ல என்று புத்தர் விளக்கி முடித்ததும், அந்தப் பிக்குவின் மனத்தில் ஓடியது இது: அப்படியானால் ஆன்மா அல்லாதது செய்த வினைகள் எந்த ஆன்மாவைத் தொடும்? புத்தர் அதை அறிந்து, இது ஆசையின் பிடியில் உள்ள மனம் கேட்கும் கேள்வி என்று ஒதுக்கிவிட்டு, உருவம் நிலையானதா நிலையற்றதா என்று பாடத்தை மறுபடி நடத்துகிறார். 'நான்' என்ற பிடிப்பை உடைப்பதுதான் அவர் நோக்கம், அந்த அளவில் அது சரி. ஆனால் கேட்ட கேள்விக்கு அது நேரான விடை இல்லை.

விடை இல்லாத இடத்தைப் பிற்காலப் பள்ளிகள் ஆளுக்கொன்றாக நிரப்பின. சாவுக்கு அடுத்த கணமே அடுத்த பிறப்பு என்றது தேரவாதம். நடுவில் ஓர் இடைநிலை உண்டு என்றது சர்வாஸ்திவாதம், திபெத்திய மரபில் அது 49 நாள் வரை. வினை விதைகளைச் சேமித்து வைக்கும் 'ஆலய விஞ்ஞானம்' உண்டு என்றது யோகாசாரம். தொகுதிகளோடு ஒன்றும் அல்லாத, வேறும் அல்லாத ஒரு 'புத்கலம்' உண்டு என்றனர் புத்கலவாதிகள், ஆன்மாவைப் பின்கதவால் கொண்டுவருகிறீர்கள் என்று மற்ற பள்ளிகள் அவர்கள்மேல் பாய்ந்தன. நேரில் கண்டு சொன்ன உண்மை என்றால் இவ்வளவு வேறுபாடு வந்திருக்குமா என்பது நியாயமான ஐயம்.

எல்லாத் துன்பத்துக்கும் முன்வினைதான் காரணமா?

பௌத்தத்தைக் குறைகூறுகிறவர்களும் பல பௌத்தர்களும் ஒருசேரத் தவறாக நினைப்பது இங்கேதான். சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராக அலையும் துறவி, மனிதர் அனுபவிப்பது எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், எட்டாவதாகத்தான் வினையின் விளைவு. எல்லாவற்றுக்கும் முன்வினை என்று சொல்வது கண்ணால் காண்பதையும் உலகம் அறிந்ததையும் மீறுவது என்கிறார். அங்குத்தர நிகாயத்தின் இன்னோர் இடத்தில், எல்லாம் முன்வினை, எல்லாம் ஈஸ்வரன் செயல், எதற்கும் காரணமே இல்லை என்ற மூன்றையும் மனித முயற்சியை முடக்கும் கொள்கைகள் என்று ஒரே வரிசையில் தள்ளுகிறார்.

இதைப் படித்துவிட்டு, பாருங்கள் புத்தர் எவ்வளவு பகுத்தறிவு என்று அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. மச்சிம நிகாயத்தின் 135ஆவது சுத்தத்தில், அதாவது சூத்திரத்தில், மனிதரில் சிலர் தாழ்ந்தும் சிலர் உயர்ந்தும் இருப்பது ஏன் என்று சுபன் என்ற பிராமண இளைஞன் கேட்கிறான். கொன்றவர் அற்பாயுசாகப் பிறப்பார், பிற உயிர்களைத் துன்புறுத்தியவர் நோயாளியாக, கோபக்காரர் அழகில்லாதவராக, ஈயாதவர் ஏழையாக, பணிவில்லாதவர் தாழ்ந்த குடியில் பிறப்பார் என்று பதில் வருகிறது. இதை மழுப்பக் கூடாது. அடுத்த சுத்தம் கர்மம் இவ்வளவு நேர்கோடாக இயங்குவதில்லை என்று திருத்துகிறது. கர்மத்தின் விளைவு சிந்தித்து முடிக்க முடியாத நான்கில் ஒன்று, அதைத் துருவினால் மனம் கலங்கும் என்று வேறோர் இடம் எச்சரிக்கிறது. ஆனாலும் 135 இருக்கிறது, நூற்றாண்டுகளாக மக்கள் காதில் விழுந்து வந்ததும் அதுதான்.

நம் மணிமேகலையிலேயே இந்த முடிச்சு இருக்கிறது. உதயகுமரனைக் காயசண்டிகையின் கணவனான காஞ்சனன் என்ற விஞ்சையன் (வித்தியாதரன்) வெட்டிக் கொல்கிறான். உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, முனிவருக்கான உணவைத் தவறவிட்ட சமையல்காரனை வெட்டியிருந்தான், அந்த வினைதான் வந்து அவன் உயிரைக் குடித்தது என்று தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. வினைதான் கொன்றது என்றாலும், அறியாமல் நீ செய்துவிட்டாய், ஆகவே இந்தக் கொலைவினை உன்னையும் விடாது என்று காஞ்சனனையும் எச்சரிக்கிறது.

அற உணர்வு என்ற அளவில் சாத்தனார் சரியான பக்கம் நிற்கிறார், விதியைச் சாக்காக வைத்துக் கொலைகாரன் தப்ப முடியாது. தர்க்கமாகப் பார்த்தால் கேள்வி நிற்கிறது: உதயகுமரன் அன்று சாகத்தான் வேண்டும் என்றால் வெட்ட ஒரு கை வேண்டியிருந்தது, அந்தக் கை செய்ததைக் குற்றம் என்பது எப்படி? குற்றம்தான் என்றால், காஞ்சனன் தன் விருப்பத்தால் வெட்டினான் என்றுதானே பொருள், அப்புறம் பழைய வினை அங்கே செய்தது என்ன? அந்தக் கணக்கின்படி கொலைக்குக் கொலை, அதற்கு இன்னொரு கொலை என்று சங்கிலி போய்க்கொண்டே இருக்கும், முதல் கொலை எதற்கு விளைவு என்று கேட்டால் சம்சாரத்துக்குத் தொடக்கம் தெரியாது என்ற பதில்தான் கிடைக்கும்.

அம்பேத்கர் எழுப்பிய தடை

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், மறுபிறப்பைப் பழைய வடிவில் ஏற்கவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே, ஆன்மாவை மறுத்த புத்தர் கர்மத்தையும் மறுபிறப்பையும் எப்படி ஏற்க முடியும் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார். நூலுக்குள் அவர் தரும் விளக்கம்: இறந்தபின் உடலின் பூதங்கள் உலகிலுள்ள பூதங்களோடு கலந்து மீண்டும் உருவெடுக்கின்றன, அந்த அளவில்தான் மறுபிறப்பு, ஓர் ஆள் திரும்பி வருவது இல்லை. கர்மம் இந்தப் பிறவிக்குள் இயங்குவது, சமூகத்தின் அற ஒழுங்கைக் காப்பது.

இது பாலி நூல்களின் நேர்மையான வாசிப்பா என்று அறிஞர்கள் சண்டை போடலாம், 135ஆவது சுத்தத்தை வைத்துப் பார்த்தால் அவர் அதை வெட்டித்தான் தள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவர் ஏன் வெட்டினார் என்பது முக்கியம். ஏழையின் வறுமைக்கும் தாழ்த்தப்பட்டவரின் நிலைக்கும் முன்வினை காரணம் என்றால், அரசும் சமூகமும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும், அந்தக் கோட்பாட்டுக்கு வேறு பயன் இருக்க முடியாது என்பது அவர் வாதம். பிறப்பை வைத்து நசுக்கப்பட்ட மக்களிடம், உங்கள் பிறப்புக்கு நீங்களே காரணம் என்று இன்னொரு மதத்தின் வாயிலாகவும் சொல்ல அவர் தயாராக இல்லை. மாற்றுத்திறனோடு பிறந்த குழந்தையின் தாயிடம் முன்வினை பேசுகிறவர்கள் இந்த வாதத்தை ஒருமுறையாவது முழுசாகப் படிக்க வேண்டும்.

இவருக்கு முன்னோடி ஒருவர் சென்னையில் இருந்தார். அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலில், ஓர் உயிர் உடல்விட்டு உடல் தாவுவதை மறுத்து, ஒருவர் செயலின் தாக்கம் பிறர் வாழ்விலும் சமூகத்திலும் தொடர்வதையே மறுபிறப்பாக விளக்கினார். அந்த நூலின் 1948 மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

சான்று: பாயாசியின் பானையும் வர்ஜீனியாவின் கோப்புகளும்

தீக நிகாயத்தின் 23ஆவது சுத்தம் மதநூல்களில் அரிதான ஒன்று. கோசலத்துச் சேதவ்யா நகரை ஆண்ட பாயாசி, மறுவுலகம் இல்லை என்று சொல்வதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தவன். அவன் முறைகள் கொடூரமானவை, உயிரோடு ஆள்களைக் கொன்று செய்தவை, ஆனால் கேள்விகள் தெளிவானவை.

1. சாகக் கிடந்த உறவினர்களிடம், நரகமோ சொர்க்கமோ, போனால் வந்து சொல்லுங்கள் என்றான். யாரும் வரவில்லை.
2. ஒரு திருடனைப் பானைக்குள் வைத்துத் தோலாலும் களிமண்ணாலும் மூடிச் சூடாக்கி, இறந்தபின் மெல்லத் திறந்தான். உயிர் வெளியேறுவதைக் காணவில்லை.
3. ஒருவனை உயிரோடும் இறந்த பின்னும் எடை போட்டான். எடை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

குமார கஸ்ஸபர் என்ற பிக்கு ஒவ்வொன்றுக்கும் உவமையால் பதில் சொல்கிறார். பிடிபட்ட குற்றவாளி, வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றால் காவலர்கள் விடுவார்களா? மலக்குழியிலிருந்து ஏறிக் குளித்தவர் மறுபடி குதிப்பாரா? நீ பகலில் கனவு காணும்போது உன் உயிர் போய் வருவதைப் பணிப்பெண்கள் பார்க்கிறார்களா? பாயாசி கடைசியில் ஒப்புக்கொள்கிறான். ஆனால் கவனித்துப் படித்தால், இந்தப் பதில்கள் பாயாசியின் சோதனை போதாது என்றுதான் காட்டுகின்றன, மறுவுலகம் உண்டு என்று காட்டவில்லை. இன்னொன்று எனக்கு எப்போதும் உறுத்தும். வெளியேற ஓர் உயிர் இருக்கிறது என்று நாங்கள் சொல்லவே இல்லையே, பானையில் எதைத் தேடினாய் என்று கஸ்ஸபர் ஒரே வரியில் கேட்டிருக்கலாம். அதை அவர் கேட்கவில்லை.

நம் காலத்தில் இதை முறையாக ஆராய்ந்தவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன். இந்தியா, இலங்கை, பர்மா, லெபனான் என்று அலைந்து, முன்பிறவி நினைவிருப்பதாகச் சொன்ன குழந்தைகளின் விவரங்களை நாற்பது ஆண்டுகளில் 2,500க்கும் மேல் சேர்த்தார். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதில் பேசத் தொடங்கி, பள்ளி வயதில் மறந்துவிடுவார்கள். உழைப்பைக் குறைசொல்ல முடியாது. அவரே 1966இல் வந்த நூலின் தலைப்பில் இவற்றை நிரூபணம் என்று போடவில்லை, மறுபிறப்பைச் சுட்டும் நிகழ்வுகள் என்றுதான் போட்டார். எதிர்ப்பு வாதங்களும் வலுவானவை: மறுபிறப்பை நம்பும் சமூகங்களிலிருந்தே மிகுதியாக வருகின்றன, பல நிகழ்வுகளில் ஆய்வாளர் போவதற்குள் இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசிவிட்டன, மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்த சாட்சியம். நினைவு சரியாக இருந்தாலும்கூட, அது கர்மத்தைக் காட்டாது. நல்லது செய்தவர் நல்ல இடத்தில் பிறந்தார் என்பதற்கு இந்தக் கோப்புகளில் ஒழுங்கான தடம் இல்லை.

மறுபிறப்பை எடுத்துவிட்டால்?

எடுத்துவிடலாம் என்கிறவர்களும் பௌத்தத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். தாய்லாந்தின் புத்ததாச பிக்கு, 1932இல் சுவான் மோக் தவச்சாலையை நிறுவியவர், 'நான்', 'எனது' என்ற பிடிப்பு எழும் ஒவ்வொரு முறையும் நடப்பதுதான் பிறப்பு என்று விளக்கினார். ஒரு நாளிலேயே பல முறை பிறக்கிறோம். பன்னிரு நிதானங்களை, அதாவது அறியாமையில் தொடங்கி மூப்பு, சாவு வரை போகும் காரணச் சங்கிலியை, மூன்று பிறவிகளுக்குப் பரப்பி விளக்கியது 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் எழுதிய புத்தகோசரின் வழி, அதை விட்டுவிடலாம் என்பது புத்ததாசரின் நிலை. துறந்து பிக்குவாக இருந்து பின் வெளிவந்த ஸ்டீபன் பாட்ச்லர், தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டே பயிற்சி செய்யலாம் என்றார்.

மரபினர் இதற்கு எழுப்பும் தடை லேசானதில்லை. சாவோடு எல்லாம் முடியுமென்றால் துன்பமும் சாவோடு முடிகிறது, எல்லோருக்கும் ஒரே விடுதலைதான், பிறகு எட்டு நெறி எதற்கு, பிக்கு வாழ்க்கை எதற்கு? பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதுதான் நிர்வாணம் என்றால், சுழலே இல்லாதபோது விடுபடுவது எதிலிருந்து? மறுவுலகம் இல்லை என்பதைப் பாலி நூல்கள் தவறான பார்வை என்றே வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆகவே புத்தருக்கு மறுபிறப்பில் நம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. அவர் நம்பினார், நாம் நம்ப வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்விக்கும் நூல்களில் இடம் இருக்கிறது. காலாமர் என்ற குலத்தாரிடம் பேசும்போது, மறுவுலகமும் வினைப்பயனும் உண்டென்றால் பகையற்ற மனம் உள்ளவர் நல்ல இடத்தில் பிறப்பார், இல்லையென்றாலும் இந்தப் பிறவியிலேயே துன்பமின்றி இருப்பார் என்று இரண்டு வழியையும் திறந்து வைக்கிறார் புத்தர். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: நோக்கம்தான் வினை, கோபத்தை வளர்த்தால் கோபக்காரராக ஆவோம் என்ற பகுதி மறுபிறப்பு இல்லாமலும் நிற்கும், நம் வாழ்க்கையில் சோதித்தும் பார்க்கலாம். அடுத்தவர் படும் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கும் கருவியாக அதைத் திருப்பும்போது, அது சான்றும் இல்லாதது, கொடுமையும் ஆனது.

மறுபடி தலாய் லாமாவுக்கு

ஒரு குழந்தையை இறந்த குருவின் மறுபிறவியாக அறிவிக்கும் வழக்கம் எல்லாப் பௌத்தத்துக்கும் பொது இல்லை. இலங்கை, தாய்லாந்து, பர்மா மடங்களில் தலைவர் இப்படித் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. இது திபெத்தில், கர்மபா மரபில் 13ஆம் நூற்றாண்டளவில் உருவாகி, பிறகு மற்ற மரபுகளுக்கும் பரவியது. மடத்தின் சொத்தும் அதிகாரமும் யார் கைக்கும் வாரிசுரிமையாகப் போகாமல் இருக்க இது உதவியது என்பதும் அதன் ஒரு பக்கம்.

2011 செப்டம்பரில் தலாய் லாமா வெளியிட்ட அறிக்கை இரண்டு வகை மறுபிறப்பைப் பிரிக்கிறது: கர்மம் தள்ளிப் பிறப்பது, கருணையால் விரும்பிப் பிறப்பது. தலாய் லாமாக்கள் இரண்டாவது வகை. 13ஆவது தலாய் லாமா 1933 டிசம்பரில் இறந்தார், 14ஆவது 1935 ஜூலையில் பிறந்தார். 49 நாளும் பத்து மாதமும் சேர்த்தாலும் ஒரு வருடத்தைத் தாண்டாது, இங்கே இடைவெளி ஒன்றரை வருடத்துக்கு மேல். விரும்பிப் பிறப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால் எந்த இடைவெளியும் பொருந்திவிடும், தவறு என்று காட்ட வழியே இருக்காது.

சீனத்தின் தங்கக் கலசம் 1793இல் சிங் பேரரசு கொண்டுவந்த முறை, இப்போதைய தலாய் லாமாவும் அவருக்கு முந்தியவரும் அது இல்லாமலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2007இல் சீன அரசின் மத விவகாரத் துறை 5ஆம் எண் ஆணையால் எல்லா மறுபிறவிகளுக்கும் அரசு அனுமதியைக் கட்டாயமாக்கியது. முன்பிறவியையே நம்பாத கம்யூனிஸ்டுகள் இதில் தலையிடுவது பொருந்தாது என்று 2011 அறிக்கையிலேயே தலாய் லாமா எழுதிவிட்டார்.

இரண்டு தரப்பும் இரண்டு குழந்தைகளைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1995 மே 14 அன்று கெதுன் சோக்யி நிமா என்ற ஆறு வயதுச் சிறுவனை, திபெத்திய மரபில் தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் உள்ள பஞ்சென் லாமாவின் மறுபிறவி என்று தலாய் லாமா அறிவித்தார். மூன்று நாளில் சீன அதிகாரிகள் அவனையும் குடும்பத்தையும் கொண்டுபோனார்கள், அதன்பின் அவனை வெளியுலகம் பார்க்கவில்லை. நவம்பரில் தங்கக் கலசத்தில் சீட்டு எடுத்து வேறொரு சிறுவனைப் பஞ்சென் லாமா ஆக்கினார்கள். அடுத்த தலாய் லாமாவை அடையாளம் காண்பதில் மரபுப்படி பஞ்சென் லாமாவுக்குப் பங்கு உண்டு. அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர் சீனா தேர்ந்தெடுத்தவர்.